ஒளியின் விலை அறிந்த அறிஞர்

இரவு வந்ததும் நாம் சுவரில் உள்ள விசையைத் தட்டுகிறோம். மறுகணமே அறை முழுவதும் ஒளி நிறைகிறது. அந்த ஒளி எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன விலை என்று அப்போது நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மாத இறுதியில் மின்கட்டணச் சீட்டு வரும்போதுதான் அந்த நினைவு வருகிறது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. அக்காலத்தில் இரவு நேர ஒளியை மக்கள் கையால் செய்தார்கள். கடையில் எடைபோட்டு விற்றார்கள். வாங்கிய ஒளி கண்முன்னே உருகிக் கரைந்தது. ஒளிக்கு விலை உண்டு என்பதைச் சிறுவர்கள்கூட அறிந்திருந்தனர். அந்த விலையை இளமையிலேயே தம் கைகளால் உணர்ந்து, முதுமையில் அதைக் கணக்கிட்டு உலகுக்குக் காட்டியவர் பெஞ்சமின் பிராங்கிளின். அச்சுத்தொழிலாளராக வாழ்வைத் தொடங்கி, எழுத்தாளராகவும் அறிவியல் அறிஞராகவும் அமெரிக்க நாட்டை உருவாக்கிய தலைவர்களுள் ஒருவராகவும் உயர்ந்த அவருடைய வாழ்க்கையை இப்பகுதியில் காண்போம்.

மெழுகுவத்திக் கடைச் சிறுவர்

பெஞ்சமின் பிராங்கிளின் 1706-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்போது அந்நகர் இங்கிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவருடைய தந்தை ஜோசையா பிராங்கிளின் இங்கிலாந்தில் துணிகளுக்குச் சாயமிடும் தொழிலைச் செய்தவர். பாஸ்டனுக்குக் குடியேறிய பிறகு அத்தொழிலில் போதிய வருமானம் கிடைக்கவில்லை. ஆகவே, அவர் மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்கத் தொடங்கினார். அவருக்கு மொத்தம் பதினேழு பிள்ளைகள். அவர்களுள் பெஞ்சமின் பதினைந்தாவது பிள்ளை. ஆண்மக்களுள் கடைசி மகன்.

பெஞ்சமின் பள்ளியில் படித்த காலம் ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள்தாம். எழுதுவதில் அவர் சிறந்து விளங்கினார். ஆனால், கணக்கில் தேர்ச்சி பெறவில்லை. பெரிய குடும்பத்தின் செலவைச் சமாளிக்க வேண்டியிருந்ததால், பத்து வயதில் தந்தை அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கடை வேலையில் சேர்த்துக்கொண்டார்.

திரிகளை அளவாக வெட்டுவது, உருகிய கொழுப்பை அச்சுகளில் ஊற்றுவது, கடையைப் பார்த்துக்கொள்வது, பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆகியவை அவருடைய அன்றாட வேலைகளாயின. அக்காலத்தில் எளிய மக்கள் பயன்படுத்திய மெழுகுவத்திகள் ஆடு, மாடுகளின் கொழுப்பால் செய்யப்பட்டவை. கொழுப்பை உருக்கும்போது துர்நாற்றம் வீசும். ஒரு கோலில் வரிசையாகத் தொங்கவிட்ட திரிகளை உருகிய கொழுப்பில் தோய்த்து எடுத்து, ஆறவைத்து, மீண்டும் தோய்க்க வேண்டும். பலமுறை அவ்வாறு செய்த பிறகே மெழுகுவத்தி உரிய பருமனை அடையும். எரியும்போதும் அது புகையும். கருகிய திரியை அடிக்கடி கத்தரித்துவிடாவிட்டால் சுடர் மங்கும். கோடைக்காலத்தில் அது வெப்பத்தால் இளகி வளைந்துபோகும்.

அந்த வேலை பெஞ்சமினுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. கப்பலேறிக் கடலோடியாகிவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஆனால், ஒரு சிறு சுடருக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பும் எவ்வளவு பொருளும் இருக்கின்றன என்பதை அந்தக் கடையில்தான் அவர் கண்டார். அந்தப் பாடம் அவர் வாழ்நாள் முழுவதும் உடன்வந்தது.

இரவில் படித்த நூல்கள்

மகன் வீட்டைவிட்டுக் கடலுக்கு ஓடிவிடுவானோ என்று தந்தை அஞ்சினார். புத்தகத்தின்மீது அவருக்கிருந்த ஆர்வத்தைக் கண்டு, பன்னிரண்டாம் வயதில் அவரை அவருடைய அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார். அங்கே பெஞ்சமினுக்குப் புத்தகக் கடைகளில் வேலை செய்த பையன்களின் நட்புக் கிடைத்தது. அவர்கள் மாலையில் ஒரு நூலை இரவல் கொடுப்பார்கள். கடை திறப்பதற்கு முன் அதை அழுக்குப்படாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே, பெஞ்சமின் இரவின் பெரும்பகுதி கண்விழித்துப் படித்தார். தந்தையின் கடையில் அவர் செய்து வெறுத்த அதே மெழுகுவத்திகள்தாம் இப்போது அவருக்குக் கல்விக்கூடத்தின் விளக்காயின.

நூல்கள் வாங்கப் பணம் தேவைப்பட்டது. அதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தம் உணவுக்காக அண்ணன் செலவிடும் தொகையில் பாதியைத் தம்மிடமே தந்தால், தாமே உணவைப் பார்த்துக்கொள்வதாகக் கூறினார். அண்ணனும் இசைந்தார். பெஞ்சமின் இறைச்சியைத் தவிர்த்து எளிய உணவை உண்டார். கிடைத்த தொகையிலும் பாதியை மிச்சப்படுத்தி நூல்கள் வாங்கினார். மற்றவர்கள் உணவு உண்ணச் சென்ற நேரத்தில் அவர் அச்சகத்திலேயே இருந்து, சிறிது ரொட்டியும் உலர்ந்த திராட்சையும் தின்று, எஞ்சிய நேரத்தில் படித்தார். பள்ளியில் தமக்கு வராத கணக்கையும் பதினாறு வயதளவில் ஒரு நூலின் துணைகொண்டு தாமாகவே கற்றுத் தேர்ந்தார். செலவைக் குறைப்பது என்றால் வாழ்வைச் சுருக்குவது அன்று; தேவையற்றதில் போகும் பொருளைத் தேவையானதற்குத் திருப்புவது என்பதை அவர் அப்போதே செயலில் காட்டினார்.

பிலடெல்பியாவில் புதுவாழ்வு

அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்தது. 1723-ஆம் ஆண்டு, பதினேழு வயதில், பெஞ்சமின் வீட்டாருக்குத் தெரியாமல் பாஸ்டனைவிட்டு வெளியேறினார். பிலடெல்பியா நகரில் கால்வைத்தபோது அவரிடம் சில நாணயங்களே இருந்தன. அவற்றுள் மூன்று காசு கொடுத்துப் பெரிய ரொட்டிகள் மூன்றை வாங்கி, இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்றாவதைத் தின்றபடியே தெருவில் நடந்தார்.

உழைப்பு அவரை உயர்த்தியது. அச்சகங்களில் வேலை செய்தார். இலண்டனுக்குச் சென்று மேலும் தொழில் கற்றுத் திரும்பினார். பின்னர்ச் சொந்தமாக அச்சகம் அமைத்தார். 1729-ஆம் ஆண்டில் ஒரு செய்தித்தாளையும் வாங்கி நடத்தினார். 1731-ஆம் ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து, உறுப்பினர் கட்டணத்தால் இயங்கும் நூலகம் ஒன்றை நிறுவினார். தனி ஒருவரால் வாங்க இயலாத நூல்களைப் பலர் கூடி வாங்கிப் படிக்கலாம் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை.

1732-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஒரு பஞ்சாங்கத்தை வெளியிட்டார். ஆண்டுதோறும் வெளிவந்த அந்நூலில் சூரியன் எழும் நேரம், மறையும் நேரம் ஆகியவற்றோடு உழைப்பையும் சிக்கனத்தையும் வலியுறுத்தும் பழமொழிகளும் இடம்பெற்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 படிகள் விற்பனையாயின. வேறு நூல் எதுவும் இல்லாத வீடுகளிலும் அது இருந்தது.

விறகைச் சேமித்த அடுப்பு

அக்காலத்தில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க, சுவரில் அமைந்த திறந்த கணப்படுப்பில் விறகை எரித்தார்கள். வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு சேர்ந்து புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். அடுப்பின் முன் நிற்பவருக்கு முகம் சுடும்; முதுகு குளிரும். நகரங்களுக்கு அருகில் இருந்த காடுகள் அழிந்துவந்ததால் விறகின் விலையும் ஏறிக்கொண்டே சென்றது.

பிராங்கிளின் சிந்தித்தார். வெப்பம் வீணாவது எங்கே என்று கண்டறிந்தால் அதைத் தடுக்கலாம் அல்லவா? இரும்புத் தகடுகளால் ஒரு புதிய அடுப்பை அவர் வடிவமைத்தார். அதில் சூடான புகை உடனே வெளியேறாமல், மேலெழுந்து பின்னர்க் கீழிறங்கிச் சுற்றிச் சென்றது. அவ்வாறு செல்லும்போது அதன் வெப்பம் இரும்பில் ஏறி அறைக்குள் பரவியது. 1744-ஆம் ஆண்டில் இந்த அடுப்பை விளக்கி ஒரு சிறு நூலையும் அவர் வெளியிட்டார். முதல் வடிவத்தில் புகை சரியாக வெளியேறாத குறை இருந்தது. பிற்காலத்தில் மற்றவர்கள் அதைத் திருத்தினார்கள்.

அந்த அடுப்பை விற்கும் தனியுரிமையை வழங்க மாநில ஆளுநர் முன்வந்தார். பிராங்கிளின் அதனை ஏற்கவில்லை. பிறருடைய கண்டுபிடிப்புகளால் நாம் நன்மை அடைவதுபோல, நம்முடைய கண்டுபிடிப்பாலும் பிறர் இலவசமாக நன்மை அடைய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இலண்டனில் ஒருவர் அதே அடுப்பில் சிறு மாற்றங்கள் செய்து தம் பெயரில் உரிமை பெற்றுப் பணம் ஈட்டினார். அப்போதும் பிராங்கிளின் வழக்குத் தொடுக்கவில்லை.

தெருவுக்கு வந்த ஒளி

பிலடெல்பியாவின் தெருக்கள் இரவில் இருண்டு கிடந்தன. நகரவாசி ஒருவர் தம் வீட்டு வாசலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தார். அதைக் கண்ட மக்களுக்கு ஊர் முழுவதும் விளக்கு அமைக்கும் எண்ணம் பிறந்தது. பிராங்கிளின் அந்த முயற்சிக்குத் துணைநின்றார். அதோடு, விளக்கின் வடிவத்தையும் ஆராய்ந்தார்.

இலண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட விளக்குகள் உருண்டைக் கண்ணாடியால் ஆனவை. அவற்றின் அடியில் காற்று நுழைய வழி இல்லை. எனவே, புகை மேலே செல்லாமல் உள்ளேயே சுழன்று கண்ணாடியில் கரியாகப் படிந்தது. சில மணி நேரத்திலேயே ஒளி மங்கியது. எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால், தெருவில் வெளிச்சம் இராது. நாள்தோறும் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. தவறி ஒரு முறை தட்டினால் முழுக் கண்ணாடியும் உடைந்துவிடும்.

பிராங்கிளின் நான்கு தட்டையான கண்ணாடித் துண்டுகளைக் கொண்டு விளக்கை அமைக்கச் சொன்னார். புகை வெளியேற மேலே நீண்ட குழலும், காற்று நுழைய அடியில் இடைவெளிகளும் வைக்கச் செய்தார். காற்று கீழிருந்து மேலாக ஓடியதால் கண்ணாடி விடியும்வரை தெளிவாக இருந்தது. ஒரு துண்டு உடைந்தாலும் அதை மட்டும் மாற்றினால் போதும். எண்ணெயைக் கூட்டாமலேயே தெருவில் வெளிச்சம் கூடியது.

வீட்டு விளக்கையும் அவர் இதே கண்கொண்டு பார்த்தார். திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கப்படும் ஒருவகைக் கொழுப்பைக் கொண்டு செய்த மெழுகுவத்திகள் அந்நாளில் புதிதாக விற்பனைக்கு வந்தன. 1751-ஆம் ஆண்டில் தம் தோழி ஒருவருக்கு எழுதிய மடலில் அவற்றின் சிறப்பை அவர் எடுத்துரைத்தார். அவை வெண்மையான ஒளி தந்தன, வெப்பத்தில் இளகவில்லை, நெடுநேரம் எரிந்தன, திரியை அடிக்கடி கத்தரிக்கும் வேலையும் இல்லை. கொழுப்பு மெழுகுவத்தி செய்து வளர்ந்தவர் அதைவிடச் சிறந்த ஒன்று வந்ததும் தயங்காமல் பாராட்டினார்.

இதே காலத்தில்தான் அவர் மின்சாரத்தையும் ஆராய்ந்தார். 1752-ஆம் ஆண்டில் பட்டம் விட்டு மின்னலும் மின்சாரமே என்பதைக் காட்டினார். கட்டடங்களைக் காக்கும் இடிதாங்கியையும் உருவாக்கினார். எனினும், மின்சாரத்தை ஆராய்ந்த அவர் மின்விளக்கைக் கண்டதில்லை. வீட்டுக்கு ஏற்ற மின்குமிழ் 1879-ஆம் ஆண்டில்தான் உருவானது. அப்போது பிராங்கிளின் மறைந்து எண்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாரிஸ் நகரின் காலை வெளிச்சம்

அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தின் ஆட்சியிலிருந்து விடுபட முடிவெடுத்தன. 1776-ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தை வரைய அமைக்கப்பட்ட ஐவர் குழுவில் பிராங்கிளினும் ஒருவர். அதே ஆண்டின் இறுதியில், எழுபது வயதில், பிரான்சு நாட்டின் ஆதரவைப் பெறுவதற்காக அவர் கடல் கடந்து சென்றார். 1778-ஆம் ஆண்டில் பிரான்சு அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 1783-ஆம் ஆண்டில் இங்கிலாந்துடன் அமைதி உடன்படிக்கையும் கையெழுத்தானது. அமெரிக்கா விடுதலை பெற்ற நாடாக ஏற்கப்பட்டது.

பெரும்பணி முடிந்த அந்த வேளையில், 1784-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பாரிஸ் செய்தித்தாள் ஒன்றில் பெயர் குறிப்பிடப்படாத மடல் ஒன்று வெளியானது. அதை எழுதியவர் 78 வயது பிராங்கிளின். அது நகைச்சுவையாக எழுதப்பட்டது. ஆனால், அதனுள் ஓர் உண்மையான கணக்கு இருந்தது.

மடலின் கதை இதுதான்: ஒரு மாலையில் நண்பர்கள் கூடியிருந்தபோது புதுவகை எண்ணெய் விளக்கு ஒன்று காட்டப்பட்டது. அதன் ஒளி மிகுதியாக இருந்தது. ஆனால், அது தரும் ஒளிக்கு ஏற்ப எண்ணெயையும் கூடுதலாகக் குடிக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அதைப் பற்றியே எண்ணியபடி மடல் எழுதியவர் நள்ளிரவு கடந்து வெகுநேரத்திற்குப் பிறகு உறங்கச் சென்றார். காலை ஆறு மணிக்கு ஏதோ ஓசை கேட்டு விழித்தபோது அறை முழுவதும் வெளிச்சம். விளக்குகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களோ என்று முதலில் திகைத்தார். வேலையாள் முந்திய இரவு சன்னல் கதவுகளை மூட மறந்ததால் சூரிய ஒளி உள்ளே வந்திருந்தது. நண்பகலுக்கு முன் சூரியனைக் கண்டிராத பாரிஸ் செல்வர்களைப்போல அவரும் வியப்புற்றார். சூரியன் இவ்வளவு முன்னதாகவே எழுகிறதா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தார். எழுந்தவுடனேயே அது ஒளியும் தருகிறது என்பதைத் தாம் நேரில் கண்டுபிடித்துவிட்டதாக விளையாட்டாக அறிவித்தார்.

அடுத்து வந்தது கணக்கு. மார்ச்சு 20 முதல் செப்டம்பர் 20 வரை 183 இரவுகள். மக்கள் ஒவ்வோர் இரவும் 7 மணி நேரம் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஆக 1,281 மணி நேரம். பாரிஸில் 100,000 குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு குடும்பம் ஒரு மணி நேரத்தில் அரை ராத்தல் மெழுகு எரிப்பதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 64,050,000 ராத்தல் மெழுகு. ஒரு ராத்தல் ஏறக்குறைய அரைக் கிலோகிராம். அன்றைய விலையில் அதன் மதிப்பு 96,075,000 பிரெஞ்சு லிவர் நாணயம். காலையில் சூரியன் இலவசமாகத் தரும் ஒளியை உறங்கிக் கழித்துவிட்டு, இரவில் இவ்வளவு பொருளைப் புகையாக்குகிறோம் என்று அவர் காட்டினார். பள்ளியில் கணக்கில் தோற்ற சிறுவர், ஒரு மாநகரத்தின் ஒளிச்செலவைச் சில வரிகளில் கணக்கிட்டுவிட்டார்.

இந்த வீணடிப்பைத் தடுக்க அவர் கூறிய வழிகள் படிப்போரைச் சிரிக்க வைத்தன. வெளிச்சத்தை மறைக்கும் சன்னல் கதவுகளுக்கு வரி விதிக்கலாம். ஒரு குடும்பத்திற்கு வாரம் ஒரு ராத்தல் மெழுகுவத்திக்கு மேல் விற்கக் கூடாது. மருத்துவர், மருத்துவச்சி போன்றோர் செல்லும் வண்டிகளைத் தவிர மற்ற வண்டிகளைச் சூரியன் மறைந்த பிறகு நிறுத்திவிடலாம். சூரியன் எழும்போது எல்லாத் தேவாலயங்களிலும் மணி அடிக்கலாம். அதற்கும் எழாதவர்களுக்காகத் தெருதோறும் பீரங்கி வெடிக்கலாம். முதல் சில நாள்கள் மட்டுமே துன்பம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தவர் இரவு எட்டு மணிக்குத் தாமாகவே உறங்கிவிடுவார் என்பது அவருடைய வாதம்.

விளையாட்டுக்குள் இருந்த உண்மை

பகல் ஒளியைச் சேமிக்கக் கடிகாரத்தை மாற்றும் திட்டத்தைப் பிராங்கிளினே கொண்டுவந்தார் என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. கடிகாரத்தை நகர்த்தும்படி அவர் எங்கும் கூறவில்லை. மனிதர்களை முன்னதாக எழும்படியே கூறினார். கடிகார மாற்றத்தை 1895-ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹட்சனும், 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் வில்லெட்டும் முன்மொழிந்தனர். முதல் உலகப் போரின்போது, 1916-ஆம் ஆண்டில், நிலக்கரியைச் சேமிப்பதற்காக ஜெர்மனி அதை நடைமுறைப்படுத்தியது. பிரிட்டன் முதலிய நாடுகளும் அதனைப் பின்பற்றின. மலாயாவிலும் சிங்கப்பூரிலும்கூட 1933-ஆம் ஆண்டில், மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும்படி கடிகாரங்கள் இருபது நிமிடம் முன்னே நகர்த்தப்பட்டன.

அந்த மடலின் உண்மையான பயன் கணக்கில் இருக்கிறது. ஒரு வீட்டில் ஓர் இரவில் எரியும் மெழுகு சிறிது. அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அதையே நாள்களாலும் குடும்பங்களாலும் பெருக்கினால் மலைபோல் எழுகிறது. கண்ணுக்குத் தெரியாத வீணடிப்பை எண்ணிக்கையாக்கிக் கண்முன் நிறுத்தியதே பிராங்கிளின் செய்த நன்மை.

இறுதிக் காலம்

1785-ஆம் ஆண்டில் பிராங்கிளின் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். 1787-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பை உருவாக்கிய மாநாட்டில், உறுப்பினர்கள் அனைவரிலும் மூத்தவராகக் கலந்துகொண்டார்.

அவருடைய வாழ்விலும் குறை உண்டு. அவர் தம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்களும் வெளிவந்தன. ஆனால், முதுமையில் அவர் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1790-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்குமாறு அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பினார்.

1790-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், 84-ஆம் வயதில் அவர் காலமானார். தம் உயிலில் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுன் எழுதிவைத்தார். அத்தொகையை இளம் தொழிலாளர்களுக்குக் கடனாகக் கொடுத்து, வட்டியோடு 200 ஆண்டுகள் வளர்க்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. 1990-ஆம் ஆண்டில் அக்காலம் நிறைவடைந்தபோது அந்தச் சிறு தொகை பல மில்லியன் டாலராக வளர்ந்திருந்தது. சிறியது பெருகும் என்ற அவருடைய நம்பிக்கை பொய்க்கவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

இன்று நாம் மெழுகுவத்தியை நம்பி வாழவில்லை. ஆயினும், பிராங்கிளினின் கணக்கை நம் வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம். பழைய வகைக் குண்டு மின்குமிழ் ஒன்று 60 வாட் மின்சாரம் கொள்கிறது. அதில் பெரும்பகுதி ஒளியாகாமல் வெப்பமாகவே போய்விடும். ஏறக்குறைய அதே அளவு ஒளியை ஓர் எல்.இ.டி. விளக்கு 9 வாட் மின்சாரத்தில் தருகிறது. நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 1,825 மணி நேரம் ஆகும். பழைய மின்குமிழுக்கு 109.5 கிலோவாட்-மணி மின்சாரம் தேவை. எல்.இ.டி. விளக்குக்கு 16.4 கிலோவாட்-மணியே போதும். ஒரே விளக்கில் மிச்சம் 93 கிலோவாட்-மணி. ஒரு வீட்டில் எத்தனை விளக்குகள் உள்ளன? நம் குடியிருப்பில் எத்தனை வீடுகள் உள்ளன? பெருக்கிப் பாருங்கள்.

விளக்கை மாற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல் ஒளி கிடைக்கிறது. பகலில் திரைச்சீலையை மூடி வைத்துவிட்டு விளக்கை ஏற்றுவது, பாரிஸ் நகரத்தார் சன்னலை மூடிக்கொண்டு உறங்கியது போன்றதே. தூசி படிந்த விளக்கு மூடியைத் துடைத்தால், பிலடெல்பியாவின் தெருவிளக்கைப்போல அதே செலவில் கூடுதல் ஒளி கிடைக்கும். படிக்கும்போது அறை முழுவதும் விளக்கேற்றாமல் மேசை விளக்கை மட்டும் ஏற்றலாம். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைக்க எந்தச் சட்டமும் பீரங்கியும் தேவையில்லை. ஒரு விரல் போதும்.

ஒளியைச் சேமிப்பது என்பது இருட்டில் வாழ்வதன்று. இரவெல்லாம் விளக்கொளியில் படித்து உயர்ந்த பிராங்கிளின், பயனுள்ள ஒளியை ஒருபோதும் குறைக்கச் சொல்லவில்லை. யாருக்கும் பயன்படாமல் எரியும் ஒளியை எண்ணிப் பார்த்து நீக்கவே அவர் கற்பித்தார். மெழுகுவத்திக் கடையில் திரி வெட்டிய சிறுவரிடமிருந்து நாம் பெற வேண்டிய பாடம் இதுவே.